டாக்ஸோ ஐஜிஎம் பாசிட்டிவ் என்று அடிக்குமுன்: செராலஜி பெஞ்சிலிருந்து ஒரு செய்முறை

பாளையங்கோட்டையில் ஒரு பரிசோதனைக் கூடத்தில் செராலஜி பெஞ்ச், அதாவது கிருமிக்கு எதிராக உடம்பு உண்டாக்கும் ஆன்டிபாடியை ரத்தத்தில் தேடும் மேஜை, என் பொறுப்பு. டாக்ஸோபிளாஸ்மா கேட்டு எங்களிடம் வரும் சீட்டுகளில் பெரும்பாலானவை ஒரே அச்சில் வார்த்ததுபோல் இருக்கும். 'டார்ச் பேனல்' (டாக்ஸோ உட்படக் கருவைப் பாதிக்கும் சில தொற்றுகளுக்கான கூட்டுப் பரிசோதனை) என்று எழுதி, கீழே ஒரு கிறுக்கல் கையெழுத்து. கர்ப்பமா, எத்தனை வாரம், எதற்காகக் கேட்கிறார்கள், ஒன்றும் இருக்காது. மாலையில் ரிப்போர்ட் போகும். அதில் 'டாக்ஸோ ஐஜிஎம் பாசிட்டிவ்' (ஐஜிஎம் என்பது தொற்றியதும் முதலில் எழும் ஆன்டிபாடி) என்று ஒரு வரி இருந்துவிட்டால் போதும், அந்தப் பெண்ணின் மாமியாரில் தொடங்கி எதிர்வீட்டுக்காரர் வரை, கிருமியைப் பரப்பியது அதுதான் என்று பூனையைத் திட்ட ஆரம்பித்துவிடுவார்கள்.

பெஞ்சுக்குப் புதிதாக வரும் டிஎம்எல்டி (லேப் டெக்னாலஜி டிப்ளமோ) பிள்ளைகளுக்காகவும், ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு 'மேடம், இதுக்கு என்ன அர்த்தம்?' என்று போன் போடும் இளம் டாக்டர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். டாக்ஸோபிளாஸ்மா காண்டியை என்பது ஓர் ஒற்றைச் செல் ஒட்டுண்ணி. உள்ளே போனால் தசையிலும் மூளையிலும் சின்னச் சின்ன சிஸ்ட் கட்டிக்கொண்டு ஆயுசு முழுக்கக் கிடக்கும். நல்ல ஆரோக்கியமாக இருப்பவரை அது பெரும்பாலும் தொந்தரவு செய்வதில்லை. அதனால் 'இது உடம்பில் இருக்கிறதா' என்று மட்டும் பார்த்துச் சொல்வதில் யாருக்கும் பெரிய உபயோகம் கிடையாது. கர்ப்பிணி என்றால், கிருமி எப்போது உள்ளே போனது, கரு தங்குவதற்கு முன்பா பின்பா என்று தெரிய வேண்டும். எச்ஐவி நோயாளி என்றால், உறங்கிக் கிடந்தது இப்போது விழித்துக்கொண்டதா என்று தெரிய வேண்டும். பச்சைக் குழந்தை என்றால், ரத்தத்தில் உள்ள ஆன்டிபாடி தாய் கொடுத்ததா, குழந்தை தானே உண்டாக்கியதா என்று தெரிய வேண்டும். கேள்வி மாறினால் பரிசோதனையும் மாறும். எல்லாருக்கும் ஒரே பேனலைப் போடுவதுதான் கோளாறே.

சீட்டில் இல்லாததைக் கேட்டு வாங்குங்கள்

ரத்தம் எடுக்கும் மேஜையிலேயே இதைச் செய்துவிடலாம். கர்ப்பம் என்றால் கடைசி மாதவிடாய்த் தேதி. முன்பு எங்காவது டாக்ஸோ பார்த்திருந்தால் அந்த ரிப்போர்ட், எந்தக் கிட்டில் (கம்பெனி தரும் பரிசோதனைப் பெட்டியில்) பார்த்தது என்பதும் சேர்த்து. டாக்ஸோவுக்குக் கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கும் ஸ்பைராமைசின் மாத்திரை ஏற்கெனவே ஆரம்பித்துவிட்டார்களா. சமீபத்தில் ரத்தமோ இம்யூனோகுளோபுலினோ ஏற்றினார்களா. இன்னொரு கேள்வியை இப்போதெல்லாம் நான் விடுவதே இல்லை: முடி உதிர்வுக்கு பயோட்டின் மாத்திரை சாப்பிடுகிறீர்களா? ஸ்ட்ரெப்டாவிடின்-பயோட்டின் முறையில் ஓடும் சில கெமிலூமினிசென்ஸ் இயந்திரங்களில் அதிக டோஸ் பயோட்டின் முடிவைப் புரட்டிப் போட்டுவிடும். எத்தனை மணி நேரம் இடைவெளி விட வேண்டும் என்று கிட்டோடு வரும் தாளில் போட்டிருக்கும், பாருங்கள்.

மாதிரி சிவப்பு மூடிக் குழாயிலோ மஞ்சள் மூடி ஜெல் குழாயிலோ. நன்றாக உறைந்தபின் சுற்றுங்கள். அவசரத்தில் பாதி உறைந்ததைச் சுற்றினால் சீரத்தில் ஃபைப்ரின் நூல் மிதக்கும், பிபெட் முனையை அடைக்கும், பரிசோதனைத் தட்டின் வெல்லில் (குழியில்) ஒட்டிக்கொண்டு பொய் நிறம் காட்டும். சிவந்து போன சீரமும், பால் போல் கலங்கிய சீரமும் வேண்டாம். பிசிஆருக்கு (கிருமியின் டிஎன்ஏவைப் பெருக்கித் தேடும் பரிசோதனைக்கு) ரத்தம் வேண்டுமென்றால் ஊதா மூடி இடிடிஏ குழாய். பச்சை மூடி ஹெப்பாரின் குழாயில் எடுக்கக் கூடாது, ஹெப்பாரின் பிசிஆரை முடக்கிவிடும்.

சீரம் பிரித்ததும் இரண்டாகப் பங்கிடுங்கள். ஒன்று இன்றைய வேலைக்கு. மற்றது மைனஸ் 20 டிகிரி ஃப்ரீசருக்கு. மூன்று வாரம் கழித்து இந்தச் சின்னக் குழாய் எவ்வளவு பெரிய உதவி செய்யும் என்று கீழே சொல்கிறேன். ஒரே குழாயை வைத்துக்கொண்டு உருக்குவதும் உறையவைப்பதுமாக இருந்தால் ஆன்டிபாடி கெட்டுப்போகும், அதற்காகவும்தான் பங்கிடச் சொல்கிறேன்.

எலிசா பிளேட்டில்

பெரிய லேப்களில் எல்லாம் இயந்திரமே பார்த்துக்கொள்கிறது. நம் ஊர் அளவில் இன்னும் 96 வெல் எலிசா பிளேட்தான் பல இடங்களில் ஓடுகிறது. ஐஜிஜி (ஐஜிஎம்முக்குப் பின் எழும்பி நிலைத்து நிற்கும் ஆன்டிபாடி) பார்க்கும் பிளேட்டின் அடியில் டாக்ஸோபிளாஸ்மா ஆன்டிஜனை (ஆன்டிபாடி பிடித்துக்கொள்ளும் கிருமிப் பொருளை) பூசியிருப்பார்கள். சீரத்தை ஏறக்குறைய நூறு மடங்கு நீர்த்து, வெல்லுக்கு 100 மைக்ரோலிட்டர் விட்டு, 37 டிகிரியில் வைக்கிறோம். ஆன்டிபாடி இருந்தால் ஒட்டும். கழுவுகிறோம். ஒட்டிய ஆன்டிபாடியைப் பிடித்துக்கொள்ளும், என்சைம் சேர்ந்த கான்ஜுகேட் விடுகிறோம். மறுபடி கழுவி, டிஎம்பி சப்ஸ்ட்ரேட் விட்டு இருட்டில் வைத்தால் நீலம் வரும். அமில ஸ்டாப் கரைசல் விட்டதும் நீலம் சட்டென்று மஞ்சளாகும். அதை ரீடரில் 450 நானோமீட்டரில் படிக்கிறோம். நிமிடக் கணக்கும் அளவும் கிட்டுக்குக் கிட்டு மாறும். பழைய கிட்டின் பழக்கத்தில் புதுக் கிட்டை ஓட்டக் கூடாது.

இதில் முடிவைக் கெடுப்பது பெரும்பாலும் கழுவும் படிதான். வெல் விளிம்பு வரை வாஷ் பஃபர் நிரம்ப வேண்டும், கொஞ்ச நேரம் நிற்க வேண்டும், பிறகு முழுசாக வெளியே வர வேண்டும். கடைசிக் கழுவலுக்குப் பின் பிளேட்டைக் கவிழ்த்து, மடித்த டிஷ்யூ மேல் நாலு தட்டுத் தட்டுங்கள். டிஷ்யூவில் ஈர வட்டங்கள் வரிசையாக விழும். எந்த வட்டம் மற்றதைவிடப் பெரிதாக இருக்கிறதோ அந்த வெல்லில் தண்ணீர் தேங்கியிருந்திருக்கிறது என்று அர்த்தம். வாஷரின் ஓர் ஊசி அடைத்தால் அந்த வரிசை முழுதும் லேசாக மஞ்சள் தட்டும். கட்-ஆஃபை (பாசிட்டிவுக்கான எல்லைக்கோட்டை) ஒட்டி நிற்கும் ஐஜிஎம் பாசிட்டிவ்கள் ஒரே வரிசையில் கூடி நின்றால் நோயாளிகளை விட்டுவிட்டு ஊசியைப் பாருங்கள்.

நெகட்டிவ் கன்ட்ரோல், பாசிட்டிவ் கன்ட்ரோல், கட்-ஆஃப் காலிப்ரேட்டர் மூன்றும் சொன்ன எல்லைக்குள் வந்தால்தான் அந்த ஓட்டம் செல்லும். இவற்றோடு முந்தைய ஓட்டத்தில் படித்த ஒரு மெலிந்த பாசிட்டிவ் சீரத்தையும் நான் ஒரு வெல்லில் போட்டுவிடுவேன். கிட் கம்பெனி கொடுக்கும் பாசிட்டிவ் கன்ட்ரோல் எப்போதும் பளிச்சென்று வரும். மங்கலானதைக் கிட் பிடிக்கிறதா என்று அதை வைத்துத் தெரியாது.

நான்கு விதமாக வரும்

ஐஜிஜி, ஐஜிஎம் இரண்டும் நெகட்டிவ் என்றால் இதுவரை தொற்றவில்லை. கர்ப்பிணியாக இருந்தால் இனிமேல்தான் கவனம் வேண்டும்: வேகாத கறி, கழுவாத கீரை, கையுறை போடாத தோட்ட வேலை. பிரான்சில் 1978-லேயே திருமணத்துக்கு முன் டாக்ஸோ பார்க்கும் சட்டம் வந்தது, பின்னாளில் அது நீக்கப்பட்டது. இப்போது அங்கே இப்படி நெகட்டிவ் வரும் கர்ப்பிணிகளுக்குப் பிரசவம் வரை மாதாமாதம் திரும்பப் பார்க்கிறார்கள். நம்மிடம் அப்படி ஒரு திட்டம் இல்லை.

ஐஜிஜி பாசிட்டிவ், ஐஜிஎம் நெகட்டிவ் என்றால் பழைய தொற்று, குறைந்தது ஆறு மாதத்துக்கு முந்தையது என்று எடுத்துக்கொள்ளலாம். கர்ப்பத்தின் ஆரம்ப மாதங்களில் இப்படி வந்தால் நல்ல செய்தி. எதிர்ப்புச் சக்தி சரியாக இருக்கும் தாயிடமிருந்து பழைய தொற்று குழந்தைக்குப் போவது மிக அரிது.

ஐஜிஜி நெகட்டிவ், ஐஜிஎம் பாசிட்டிவ் என்பது இரண்டில் ஒன்று. தொற்றி ஓரிரு வாரம்தான் ஆகியிருக்கும், ஐஜிஜி இன்னும் எழும்பவில்லை. இல்லையென்றால் ஐஜிஎம் பொய். இரண்டு மூன்று வாரம் கழித்து மறுபடி ரத்தம் எடுங்கள். உண்மைத் தொற்று என்றால் அதற்குள் ஐஜிஜி கட்டாயம் வந்திருக்கும். வராமல் ஐஜிஎம் மட்டும் அதே அளவில் நின்றால் அது பொய் பாசிட்டிவ். தைரியமாக அப்படியே எழுதலாம்.

நான்காவது, இரண்டும் பாசிட்டிவ். நம் வேலையே இங்கேதான் ஆரம்பிக்கிறது.

ஐஜிஎம்மை ஏன் தனியாக நம்பக் கூடாது

தொற்றிய முதல் வாரத்திலேயே ஐஜிஎம் தலைகாட்டும். சில மாதங்களில் இறங்கிவிடும் என்று பாடப்புத்தகத்தில் படித்திருப்போம். டாக்ஸோவில் அப்படி நடக்க வேண்டும் என்று இல்லை. சிலருக்கு ஒரு வருஷம், சிலருக்குப் பல வருஷம் ஐஜிஎம் மெலிதாக நின்றுகொண்டே இருக்கும். கல்யாணத்துக்கு முன்பு எப்போதோ தொற்றியவருக்கு இரண்டாவது பிரசவத்தின்போதும் பாசிட்டிவ் காட்டலாம்.

இது போதாதென்று கிட்டின் குறை வேறு. ஆன்டிஜன் பூசிய நேரடி முறைக் கிட்களில் ரூமட்டாய்டு ஃபேக்டர் (மூட்டுவாத நோயில் வரும் ஆன்டிபாடி) உள்ள சீரம் பொய் பாசிட்டிவ் காட்டும், ஆன்டிநியூக்ளியர் ஆன்டிபாடி உள்ள சீரமும் காட்டும். ஐஜிஜி மிக அதிகமாக இருந்தால் அது ஐஜிஎம்மின் இடத்தைப் பிடித்துக்கொண்டு பொய் நெகட்டிவும் காட்டும். ஐஜிஎம் கேப்சர் முறையில் முதலில் சீரத்திலுள்ள ஐஜிஎம் அத்தனையையும் வெல்லின் அடியில் பிடித்துக்கொண்டு, அதன் பிறகே டாக்ஸோ ஆன்டிஜனை விடுகிறோம். இந்தத் தகராறுகளில் பெரும்பகுதி அதில் குறைகிறது. கொஞ்சம் காசு கூடினாலும் கேப்சர் கிட்டையே வாங்கச் சொல்லி நிர்வாகத்திடம் மல்லுக்கு நில்லுங்கள். 1997-ல் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ, கடையில் கிடைக்கும் டாக்ஸோ ஐஜிஎம் கிட்களின் முடிவை மட்டும் வைத்துக் கர்ப்பிணிக்குப் புதிய தொற்று என்று முடிவுகட்டாதீர்கள் என்று டாக்டர்களை எச்சரித்து ஓர் அறிவிப்பே வெளியிட்டது. அந்த எச்சரிக்கை நம் ஊர்ச் சீட்டுகள் வரை இன்னும் வந்து சேர்ந்ததாகத் தெரியவில்லை.

திரும்பத் திரும்பக் கரு கலையும் பெண்களுக்கு டார்ச் பேனல் எழுதுவது இங்கே சம்பிரதாயமாகவே ஆகிவிட்டது. தொடர் கருச்சிதைவுக்கு டார்ச் பார்ப்பதை நிறுத்திவிடலாம் என்று பிரிட்டனின் ராயல் மகப்பேறு மருத்துவர் கல்லூரி 2011 வழிகாட்டியில் எழுதிவிட்டது. நிறுத்துவது டாக்டர் கையில் இருக்கிறது. நம் கையில் இருப்பது, அப்படி வரும் சீரத்தில் மங்கலான ஐஜிஎம் தெரிந்தால் வெறும் 'பாசிட்டிவ்' என்று அனுப்பாமல் இருப்பது.

அவிடிட்டி

இரண்டும் பாசிட்டிவ் ஆன கர்ப்பிணிக்கு அடுத்துச் செய்ய வேண்டியது ஐஜிஜி அவிடிட்டி. 1989-ல் ஃபின்லாந்தில் கிளாஸ் ஹெட்மனும் அவருடன் இருந்தவர்களும் டாக்ஸோவுக்குக் கொண்டுவந்த முறை. ஆன்டிபாடி ஆன்டிஜனை எவ்வளவு இறுக்கமாகப் பிடிக்கிறது என்று இதில் அளக்கிறோம். தொற்றிய புதிதில் பிடி தளர்வாக இருக்கும், மாதங்கள் போகப் போக இறுகும். நேற்று அடித்த சுண்ணாம்பு கை பட்டாலே வரும், போன வருஷம் அடித்தது தேய்த்தாலும் வராது. நாம் தேய்ப்பது யூரியா கரைசலால்.

ஒரே சீரத்தை ஒரே நீர்ப்பில் இரண்டு வெல்லில் போடுங்கள். இன்க்யூபேஷன் முடிந்ததும் ஒன்றைச் சாதாரண வாஷ் பஃபரால் கழுவுங்கள், மற்றதை யூரியா கலந்த பஃபரால். பிறகு இரண்டுக்கும் ஒரே மாதிரி கான்ஜுகேட், சப்ஸ்ட்ரேட், ஸ்டாப். யூரியா வெல்லின் ஓ.டி.யை (ரீடர் காட்டும் நிற அடர்த்தி எண்ணை) சாதாரண வெல்லின் ஓ.டி.யால் வகுத்து நூறால் பெருக்குங்கள். சாதாரண வெல் 1.240, யூரியா வெல் 0.806 என்றால் 65 சதவீதம், பிடி இறுகிவிட்டது. அதே 1.240-க்கு யூரியா வெல் 0.186-தான் என்றால் 15 சதவீதம், தளர்ந்த பிடி. இரண்டு வெல்லையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ரீடர் சொல்வதற்கு முன் கண்ணே சொல்லிவிடும்: முதலாமவரின் இரண்டு வெல்லும் ஏறக்குறைய ஒரே மஞ்சள், அடுத்தவருடைய யூரியா வெல் வெளிறிப்போய்த் தண்ணீர் மாதிரி கிடக்கும்.

எல்லைக்கோடு கிட்டுக்குக் கிட்டு வேறு. ஒன்றில் 30-ஐத் தாண்டினாலே வலுவானது, இன்னொன்றில் 60-ஐத் தாண்ட வேண்டும். ஆகவே எண்ணை மட்டும் எழுதினால் போதாது, கிட்டின் பெயரையும் அதன் எல்லைகளையும் ரிப்போர்ட்டில் போடுங்கள். ஐஜிஜியே மிகக் குறைவாக இருக்கும் சீரத்தில் இந்தக் கணக்குச் செல்லாது. 0.2-ஐ 0.3-ஆல் வகுத்து ஒரு சதவீதம் கொண்டுவந்தால் அது அர்த்தமில்லாத எண்.

இப்போது பொருள் சொல்லும் இடம். வலுவான அவிடிட்டி வந்தால், கடந்த மூன்று நான்கு மாதத்துக்குள் தொற்றவில்லை என்று சொல்லலாம். மாதக்கணக்கைக் கிட்டின் தாள் சொல்லும். எதிர்த்திசையில் இது செல்லாது. தளர்ந்த அவிடிட்டி வந்தால் புதிய தொற்று என்று எழுதிவிடாதீர்கள். சிலருக்கு ஒரு வருஷம் தாண்டியும் பிடி இறுகுவதில்லை, ஸ்பைராமைசின் எடுப்பவர்களுக்கு இறுகுவது இன்னும் தள்ளிப்போகலாம். விலக்கி வைக்கத்தான் அவிடிட்டி, குற்றம் சாட்ட இல்லை.

அதனால்தான் வாரக் கணக்கு முக்கியம் என்று முதலிலேயே சொன்னேன். ஒன்பது வாரக் கர்ப்பிணிக்கு ஐஜிஎம் பாசிட்டிவ், அவிடிட்டி வலுவானது என்று வைத்துக்கொள்வோம். மூன்று நான்கு மாதத்துக்குள் தொற்றவில்லை என்றால் கரு தங்குவதற்கு முன்பே தொற்றியாகிவிட்டது. முடிந்தது, ஒருவரியில் நிம்மதி கொடுக்கலாம். அதே முடிவு இருபத்துநான்கு வாரத்தில் வந்தால்? நான்கு மாதத்துக்கு முன்பு என்பது கர்ப்பத்தின் முதல் வாரங்களாகவும் இருக்கலாம். அந்த நிம்மதியை இவருக்குக் கொடுக்க முடியாது. முதல் மாதங்களில் வேறு எதற்காகவோ எடுத்த சீரம் எங்காவது ஃப்ரீசரில் இருந்தால் அதைத் தேடி எடுத்து ஓட்டுங்கள்.

இரண்டு சீரம், ஒரே பிளேட்

அவிடிட்டி தளர்வாகவோ நடுவிலோ வந்தால் மூன்று வாரம் கழித்து இரண்டாவது சீரம் வாங்குகிறோம். இங்கேதான் பல இடத்தில் சறுக்குகிறது. முதல் ரிப்போர்ட்டில் 80 இன்டர்நேஷனல் யூனிட், இரண்டாவதில் 130, 'ஏறிவிட்டது' என்று முடிவு கட்டுகிறார்கள். முதலாவது ஒரு லேபில், ஒரு கிட்டில். இரண்டாவது வேறு லேபில், வேறு கிட்டில். ஒரே கிட்டிலும் நாளுக்கு நாள் எண் ஆடும். ஃப்ரீசரில் வைத்த முதல் சீரத்தை உருக்கி, புதிய சீரத்தோடு ஒரே பிளேட்டில், பக்கத்து வெல்களில், ஒரே கையால் ஓட்டுங்கள். அப்போதும் ஐஜிஜி நன்றாக ஏறியிருந்தால்தான் அது ஏற்றம். ஏறாமல் சமமாக நின்றால் தொற்று உச்சத்தைத் தாண்டிவிட்டது, அதாவது முதல் சீரம் எடுப்பதற்கு ஒன்றிரண்டு மாதம் முன்பாவது தொற்றியிருக்கிறது என்று பொருள்.

பனிக்குட நீரில் பிசிஆர்

தாய்க்குப் புதிதாகத் தொற்றியிருக்கிறது என்பது உறுதியானால் அடுத்து, குழந்தைக்குப் போனதா என்ற கேள்வி. கர்ப்பத்தின் ஆரம்பத்தில் தொற்றினால் குழந்தைக்குப் போகும் வாய்ப்புக் குறைவு, போனால் பாதிப்புக் கடுமை. கடைசி மாதங்களில் போவது அதிகம், பாதிப்பு வெளியே தெரியாமலே இருக்கலாம். பனிக்குட நீரை 18 வாரத்துக்குப் பிறகுதான் எடுக்க வேண்டும், அதுவும் தாய்க்குத் தொற்றியதாகக் கணித்த நாளிலிருந்து குறைந்தது நான்கு வாரம் கழித்து. அதற்கு முன் எடுத்தால் கிருமி நஞ்சுக்கொடியிலேயே நிற்கும், நெகட்டிவ் வந்து ஏமாற்றும்.

பிசிஆரில் எதைத் தேடுகிறோம் என்று லேபைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பழைய முறைகள் பி1 மரபணுவைப் பெருக்கும், அது ஒட்டுண்ணிக்குள் 35 பிரதி இருக்கும். 529 பேஸ் பேர் நீளமுள்ள இன்னொரு பகுதி 200 முதல் 300 முறை திரும்பத் திரும்ப வருகிறது. பனிக்குட நீரில் ஒட்டுண்ணி மிகச் சிலவே இருக்கும், அதனால் அதிகப் பிரதி உள்ளதைத் தேடுவதுதான் புத்தி. ஒரே மாதிரியை ஒன்றுக்கு மேற்பட்ட குழாயில் ஓட்ட வேண்டும். இன்டர்னல் கன்ட்ரோல் (பிசிஆர் ஒழுங்காக ஓடியதா என்று காட்டச் சேர்க்கும் டிஎன்ஏ) பெருகாத குழாயை நெகட்டிவ் என்று எழுதக் கூடாது, 'தடை உள்ளது, மாதிரி மீண்டும் தேவை' என்றுதான் எழுத வேண்டும். கலவை தயாரிக்கும் அறையும் டிஎன்ஏ பிரிக்கும் அறையும் வேறு வேறாக இருக்கட்டும். பாசிட்டிவ் என்றால் குழந்தைக்குத் தொற்றியிருக்கிறது. நெகட்டிவ் என்றால் வாய்ப்பு வெகுவாகக் குறைந்திருக்கிறது, அவ்வளவே. குழந்தை பிறந்தபின் தொடர்ந்து பார்ப்பதை விட்டுவிடக் கூடாது. ஆரோக்கியமான தாயின் ரத்தத்தில் பிசிஆர் பார்க்கச் சொல்லிச் சீட்டு வந்தால் டாக்டரிடம் பேசுங்கள், காசுக்குப் பிடித்த கேடு.

பிறந்த குழந்தை

தாயின் ஐஜிஜி நஞ்சுக்கொடி வழியாக வரும், ஐஜிஎம் வராது. ஆகவே குழந்தையின் ஐஜிஜி பாசிட்டிவ் என்பதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. ஐஜிஎம், இன்னொரு வகை ஆன்டிபாடியான ஐஜிஏ இரண்டையும் பாருங்கள். ஐஜிஎம் இல்லாமல் ஐஜிஏ மட்டும் தெரியும் குழந்தைகளும் உண்டு. தொப்புள்கொடி ரத்தத்தில் தாயின் ரத்தம் கலந்துவிடும், அதனால் குழந்தையின் நரம்பிலிருந்து எடுத்த சீரமே வேண்டும். முதல் நாட்களில் பாசிட்டிவ் வந்தால் ஐஜிஎம்மை ஐந்து நாள் கழித்தும், ஐஜிஏவைப் பத்து நாள் கழித்தும் மறுபடி பாருங்கள். தாயிடமிருந்து கசிந்து வந்ததாக இருந்தால் அதற்குள் மறைந்துவிடும்.

தாயும் குழந்தையும் ஒரே நேரத்தில் வந்தால் வெஸ்டர்ன் பிளாட் (கிருமியின் புரதங்களைப் பிரித்துப் பதித்த பட்டையில் சீரத்தை ஓட்டிப் பார்ப்பது) நல்ல கருவி. இரண்டு பேர் சீரத்தையும் பக்கத்துப் பக்கத்துப் பட்டைகளில் ஓட்டினால், குழந்தையின் பட்டையில் தாயிடம் இல்லாத ஒரு கோடு விழுகிறதா என்று பார்க்கலாம். விழுந்தால் அது குழந்தையே உண்டாக்கிய ஆன்டிபாடி. எதுவும் பிடிபடாவிட்டால் பொறுமைதான் வழி. தாய் கொடுத்த ஐஜிஜி மாதாமாதம் தேய்ந்து ஒரு வருஷத்துக்குள் இல்லாமல் போகும். ஒரு வயது தாண்டியும் நின்றால் குழந்தைக்குத் தொற்று உண்டு. அந்த ஒரு வருஷச் சீரங்களையும் ஃப்ரீசரில் வரிசையாக வையுங்கள்.

மூளையும் கண்ணும்

எச்ஐவி நோயாளியின் சிடி4 (எதிர்ப்புச் சக்திச் செல்களின் எண்ணிக்கை) நூறுக்குக் கீழே போய், சிடி ஸ்கேனில் வளையம் போட்ட கட்டிகள் தெரிந்தால் டாக்டர்கள் டாக்ஸோவைச் சந்தேகிப்பார்கள். இங்கே ஐஜிஎம் கேட்பது வீண், பழைய கிருமி விழித்துக்கொள்ளும்போது அது பெரும்பாலும் நெகட்டிவ்தான். ஐஜிஜி பாருங்கள். நெகட்டிவ் என்றால் டாக்ஸோ என்ற சந்தேகம் நன்றாக இறங்கும், காசநோய்க் கட்டியா, லிம்ஃபோமாவா என்று அவர்கள் வேறு பக்கம் தேடுவார்கள். மூளைத் தண்டுவட நீரில் பிசிஆர் பாசிட்டிவ் வந்தால் நம்பலாம். நெகட்டிவ் வந்தால் ஒதுக்க முடியாது, நோய் இருப்பவர்களிலேயே நிறையப் பேருக்கு நெகட்டிவ் வரும். மருந்து ஆரம்பித்து ஒரு வாரம் போனால் கிடைப்பது இன்னும் குறையும். மாதிரியை அதற்கு முன் அனுப்பச் சொல்லுங்கள்.

கண் விஷயத்தில் டாக்டர் விழித்திரையைப் பார்த்தே பெரும்பாலும் கண்டுபிடித்துவிடுவார். சந்தேகம் வந்தால் கண்ணின் முன்னறை நீர் கொஞ்சம் எடுத்து வருவார்கள். ஒரு சொட்டு இரண்டு சொட்டுதான் இருக்கும், வீணாக்க இடமில்லை. அதில் பிசிஆரும், கோல்ட்மன்-விட்மர் கணக்கும் பார்க்கலாம். கண் நீரில் மொத்த ஐஜிஜியில் டாக்ஸோ ஐஜிஜியின் பங்கு எவ்வளவு, சீரத்தில் எவ்வளவு என்று கண்டு முன்னதைப் பின்னதால் வகுப்பது. மூன்றைத் தாண்டினால் கண்ணுக்குள்ளேயே ஆன்டிபாடி உற்பத்தியாகிறது என்று பொருள். 2004-05 வாக்கில் கோயம்புத்தூரில் புதிதாகத் தொற்றிய கண் டாக்ஸோ 248 பேருக்கு அரவிந்த் கண் மருத்துவமனை டாக்டர்கள் பதிவு செய்தார்கள். சந்தேகம் குடிநீர் மேல் விழுந்தது. கனடாவின் விக்டோரியா நகரில் 1995-ல் நடந்ததும் குடிநீர் வழிதான். வேகாத கறியே தொடாத சைவக் குடும்பத்துக்கு இது வராது என்று பேசுபவர்களுக்கு இந்த இரண்டு ஊரையும் நான் நினைவுபடுத்துவேன்.

மைக்ரோஸ்கோப்பில் நேரடியாகப் பார்ப்பது இப்போது அபூர்வம். மூளைத் திசுவிலோ நுரையீரல் கழுவிய நீரிலோ ஜீம்சா சாயத்தில் பிறை வடிவ டாக்கிசோயிட் (வேகமாகப் பெருகும் நிலையிலுள்ள கிருமி) தெரிந்தால் நோய் இப்போது ஓடிக்கொண்டிருக்கிறது. சிஸ்ட் மட்டும் தெரிந்தால் என்றோ தொற்றியது என்பதைத் தவிர அதிகம் சொல்ல முடியாது. 1948-ல் ஆல்பர்ட் சாபினும் ஹாரி ஃபெல்ட்மனும் கொண்டுவந்த சாயப் பரிசோதனை இன்னும் ஒப்பீட்டுக்கு உரைகல்லாக இருக்கிறது: நோயாளியின் சீரத்தில் ஆன்டிபாடி இருந்தால் உயிருள்ள ஒட்டுண்ணி உடைந்து மெத்திலீன் நீலத்தை ஏற்காது. உயிருள்ள கிருமியை எலியிலோ செல் வளர்ப்பிலோ பராமரிக்க வேண்டியிருப்பதால் மிகச் சில ரெஃபரன்ஸ் லேப்களில்தான் நடக்கிறது. அப்படிப்பட்ட இடத்துக்குப் பயிற்சிக்குப் போகும் பெண்கள் கர்ப்பமாக இருந்து, ஐஜிஜியும் நெகட்டிவ் என்றால் அந்தப் பெஞ்சிலிருந்து மாற்றிக் கேளுங்கள். சாதாரண சீரம் வேலைக்கு இந்தப் பயம் வேண்டாம்.

ரிப்போர்ட்டில் என்ன எழுதுவது

எண்ணுக்குக் கீழே இரண்டு வரி கருத்து எழுதும் வழக்கத்தைத் தலைமை டாக்டரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். எங்கள் லேபில் இரண்டும் பாசிட்டிவ் ஆனால் போகும் வாசகம் ஏறக்குறைய இது: 'ஐஜிஎம் மட்டும் புதிய தொற்றைக் காட்டாது. பல மாதங்கள், சில சமயம் வருடங்கள் நீடிக்கலாம். கர்ப்பிணி எனில் இதே மாதிரியில் ஐஜிஜி அவிடிட்டி பரிந்துரைக்கப்படுகிறது. சீரம் சேமிப்பில் உள்ளது.' கடைசி வாக்கியத்தைப் பார்த்துவிட்டுத்தான் பல டாக்டர்கள் போன் எடுக்கிறார்கள், திரும்ப ஊசி குத்த வேண்டாமே என்று. ரத்தம் வாங்க வந்த பெண்ணிடம் முடிவை நீங்களாகச் சொல்லாதீர்கள். அவர் கேட்டால், 'இன்னொரு பரிசோதனை இருக்கும்மா, அது வந்தப்புறம் டாக்டர் சொல்லுவாங்க' என்றால் போதும். 'கலைச்சிடணுமா மேடம்?' என்று கவுன்டரிலேயே கேட்பவர்கள் இருக்கிறார்கள். மங்கலான ஓர் ஐஜிஎம்மை வைத்து அந்த முடிவுக்கு யாரும் போகக் கூடாது என்பதை மட்டும் அழுத்திச் சொல்லிவிட்டு, டாக்டருக்கு அப்போதே போன் போடுங்கள்.

வீட்டுப் பூனையின் மலத்தைப் பாட்டிலில் பிடித்துக்கொண்டு வருபவர்களும் உண்டு. வாங்காதீர்கள். பூனை முதன்முதலாகத் தொற்றும்போது ஒன்றிரண்டு வாரம்தான் ஊசிஸ்ட்டை (மலத்தில் வரும், முட்டை போன்ற கிருமி வடிவத்தை) வெளியேற்றும். வீட்டம்மாவின் ஐஜிஜி எழும்பி ரிப்போர்ட் வருவதற்குள் பூனை அதை நிறுத்தியிருக்கும். வெளியேறிய ஊசிஸ்ட்டும் ஒன்று முதல் ஐந்து நாள் வெளியில் கிடந்து முதிர்ந்த பிறகே தொற்றும். மணல் தட்டைத் தினமும் சுத்தம் செய்யச் சொல்லுங்கள், அதைக் கர்ப்பிணி செய்ய வேண்டாம், வேறு யாராவது செய்யட்டும். பாட்டிலைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொள்ளுங்கள்.